ஃபார்மட் அடிப்பதற்கு முன்பு: ஒரு மடிக்கணினியின் பேக்கப், ஒரு நிகழ்வு ஆய்வு

சித்தப்பாவின் மடிக்கணினியில் புதிதாக ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டு முடித்த மறுநாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது. "எல்லாம் அருமையா வந்திருக்கும்மா. பிரவுசர்ல மெயிலைத் திறந்தா மட்டும் பாஸ்வேர்டு கேக்குது. இத்தனை வருஷத்துல அது கேட்டதே இல்லையே, நான் என்ன போடணும்?" என்றார்.

நான்கு நாள் பார்த்துப் பார்த்து எடுத்த பேக்கப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. எங்கே விட்டேன், எப்படி விட்டேன், அதற்கு முன்பு எவையெல்லாம் மயிரிழையில் தப்பின என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஓஎஸ் மாற்றப் போகும் ஒருவருக்காவது இது சரியான நேரத்தில் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

இயந்திரமும் ஆளும்

சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை செய்தவர். புத்தகம், மலர், அழைப்பிதழ் என்று அவர் கை படாத அச்சு வேலை இல்லை. இப்போது பெரும்பாலும் மெய்ப்புப் பார்க்கிறார். மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்கு மாறச் சொன்னேன். இயந்திரம் 11-ஐ ஏற்கும் வகைதான். ஆனால் மேம்படுத்தல் இரண்டு முறை பாதி வழியில் நின்று பழைய நிலைக்கே திரும்பியது. ஏற்கெனவே விண்டோஸ் அடிக்கடி திணறிக்கொண்டிருந்தது. சரி, சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று முடிவெடுத்தோம்.

உள்ளே இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத சிப் வகை டிஸ்க். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால், மீட்பு மென்பொருள் வைத்து ஓரளவு தோண்டி எடுக்கலாம். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. அழித்த இடம் எது என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடும், அதற்கு டிரிம் என்று பெயர். எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தன் போக்கில் துடைத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் எடுத்ததுதான் கணக்கு.

38-க்கும் 171-க்கும் நடுவே

முதல் நாள் மாலை நான் கேட்ட கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: "சித்தப்பா, எந்தெந்த ஃபைல் வேணும்?"

"எல்லாம் டெஸ்க்டாப்லயும் டாக்குமென்ட்ஸ்லயும்தான்மா இருக்கு. போட்டோ தனியா பிக்சர்ஸ்ல. வேற எங்கயும் நான் வைக்கிறதில்ல."

மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். 38 ஜிபி. ஆனால் டிஸ்க்கில் நிரம்பியிருந்தது 171 ஜிபி. விண்டோஸும் நிறுவிய மென்பொருள்களும் சேர்ந்து ஐம்பது சொச்சம். விண்டோஸ் தன் வேலைக்கு வைத்துக்கொள்ளும் உறக்கநிலைக் கோப்பும் பேஜ் கோப்பும் ஒரு பதினைந்து. எல்லாம் கழித்தாலும் அறுபத்தைந்து ஜிபிக்கு மேல் கணக்கில் வரவில்லை. இந்தக் கழித்தலை யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். உரிமையாளர் சொன்ன அளவையும் டிஸ்க் காட்டும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே போதும், தேட வேண்டியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வின்டிர்ஸ்டாட் என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற வண்ணக் கட்டமாக வரைந்து காட்டும். மூன்று பெரிய கட்டங்கள் உடனே கண்ணில் பட்டன.

ஒன்று, சி டிரைவின் மேல்மட்டத்திலேயே 'பழைய வேலை' என்றொரு ஃபோல்டர், 31 ஜிபி. முழுக்கப் பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருள், ஆனால் அவருடைய ஆயுட்கால வேலை அதில்தான் கிடக்கிறது. "அட, இத மறந்தே போயிட்டேனே" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு, மெயில் மென்பொருளான அவுட்லுக் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு, 9 ஜிபி. ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருந்தது. அவருடைய தொழில் மெயில் பழைய பாப் முறையில் இயங்குவது. கடிதங்களை இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கிவிடும்படி அமைத்திருந்தார்கள். அதாவது அத்தனை வருடக் கடிதங்களுக்கும் உலகத்தில் இருந்த ஒரே பிரதி அந்த 9 ஜிபிதான்.

மூன்று, கைமாறிப் போன ஒரு பழைய ஐபோனின் பேக்கப், 22 ஜிபி. ஐடியூன்ஸ் அதையும் ஆப்டேட்டாவுக்குள்தான் வைக்கிறது. அந்த போனில் எடுத்த படங்கள் வேறெங்கும் இல்லை.

ஆப்டேட்டா பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வீடு உண்டு: யூசர்ஸ் ஃபோல்டரில் அவர் பெயரில் இருப்பது. அதில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் முன்னறைகள் மாதிரி. ஆப்டேட்டா உள்ளறை. மென்பொருள்கள் நமக்காகச் சேர்த்து வைக்கும் எல்லாம் அங்கேதான் போகும். அது இயல்பாக மறைந்திருக்கும் என்பதால், பல வருடம் கணினி பயன்படுத்தியவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பதினொரு கோப்புகள்

1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாமல், விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினேன். எது நகலானது, எது ஆகவில்லை என்று பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும் என்பதுதான் காரணம். இதில் இரண்டு விஷயம் தெரியாவிட்டால் சிக்கல். ஆப்டேட்டாவுக்குள் தன்னையே சுட்டும் பழைய இணைப்புகள் உண்டு. அவற்றைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே என்ற தெரிவைப் போடாவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம், ஒரு கோப்பைத் தொட முடியவில்லை என்றால் ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 விநாடி காத்திருந்து, முயன்று பார்க்கும். ஒரு முறை போதும் என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

இரவு முழுக்க ஓடியது. காலையில் முடிவுப் பட்டியலில் 'தோல்வி' என்ற பத்தியில் 11 என்று இருந்தது. இரண்டு லட்சம் கோப்புகளில் பதினொன்று என்றால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். பதிவைத் திறந்து பெயர் பெயராகப் பார்த்தேன். பத்து, உலாவியின் தற்காலிகக் கோப்புகள். பதினொன்றாவது அந்த 9 ஜிபி பிஎஸ்டி. அவுட்லுக் பின்னணியில் திறந்தே இருந்ததால் கோப்பு பூட்டப்பட்டிருந்தது. அவுட்லுக்கை மூடிவிட்டு மறுபடி ஓட்டியதும் தோல்வி பூஜ்யம்.

அந்தப் பதினொன்றைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், இந்த ஆய்வை நான் வேறு மனநிலையில் எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது நகலும் எடுத்தோம். இதை யாரிடம் சொன்னாலும் "அதான் பேக்கப் இருக்கே" என்பார்கள். ஃபார்மட் அடித்த அந்த நொடியில் மூலம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வெளி டிஸ்க்கில் இருப்பது பேக்கப் கிடையாது, அதுதான் மூலம், ஒரே மூலம். அது கைதவறிக் கீழே விழுந்தால் கதை முடிந்தது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 கணக்கு இருக்கிறதே, அது மிக அவசியமாகத் தேவைப்படும் நேரம் இதுதான். முக்கியமானவற்றை முதலில் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் போடப் பார்த்தேன். பிஎஸ்டி ஏறவில்லை. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் ஏறியது. மொத்தத்தையும் என் வீட்டிலிருந்த இன்னொரு டிஸ்க்கில் தனியாக எடுத்து வைத்தேன்.

'அம்மா' இல்லாமல் போன இடம்

மூன்றாம் நாள், நகலை என் மடிக்கணினியில் செருகி, சித்தப்பாவையே பத்து கோப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வெவ்வேறு வருடங்களிலிருந்து எடுக்கச் சொன்னேன். படங்கள் திறந்தன. பிடிஎஃப் திறந்தன. 2004-ஆம் ஆண்டு வேர்டு கோப்பு ஒன்றும் திறந்தது, ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச்.

தமிழில் பழைய அச்சு வேலை செய்தவர்களுக்கு இது என்னவென்று பார்த்ததுமே தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது, விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவும் வந்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால் அச்சுத் துறை பல வருடம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே இருந்தது. இவற்றில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது வெறும் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது.

எழுத்துருக்கள் எங்கே இருக்கின்றன? விண்டோஸ் ஃபோல்டருக்குள். நான் நகலெடுத்தது யூசர்ஸ் ஃபோல்டரையும் 'பழைய வேலை'யையும். ஓஎஸ்ஸின் ஃபோல்டர் எப்படியும் அழியப் போவதுதானே என்று அதைத் தொடவே இல்லை. சித்தப்பாவின் முகம் அந்த நேரத்தில் வெளிறிப்போனது. "இருபது வருஷமா ஒண்ணொண்ணா சேத்த ஃபான்ட்டும்மா. சிலது குடுத்தவங்களே இப்ப இல்ல."

இயந்திரத்தை இன்னும் அழிக்கவில்லை. போய் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, இருந்த எல்லாவற்றையும் எடுத்தோம். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் ஒரு பயனருக்கென்று மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் ஆப்டேட்டாவுக்குள் தனியே இருக்கும், அது ஏற்கெனவே நகலில் வந்திருந்தது. என் இயந்திரத்தில் பாமினியை நிறுவி அதே கோப்பைத் திறந்தேன். தமிழ் வந்தது. அவர் அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தார்.

ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது

இதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றினேன். எந்த ஃபைல் வேண்டும் என்று கேட்டால் மனிதர்கள் தாங்கள் பெயர் வைத்துச் சேமித்ததை மட்டும்தான் சொல்வார்கள். "சித்தப்பா, நாளைக்குக் காலைல வேலைக்கு உக்காந்தா என்னென்ன செய்வீங்களோ, அதை இப்ப செய்யுங்க. நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்" என்றேன்.

கணினி திறந்ததும் திரையின் ஓரத்தில் மஞ்சள் ஒட்டுக்குறிப்புகள். "அது சும்மாம்மா, போன் நம்பரு" என்றார். ஸ்டிக்கி நோட்ஸ் செயலி அவற்றை ஆப்டேட்டாவுக்குள் பிளம் என்ற பெயரில் ஒரு சிறு தரவுத்தளமாக வைத்திருக்கிறது. அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையாமல் பயன்படுத்தியதால் வேறெங்கும் பிரதி இல்லை. நகலில் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இருந்தது.

வேர்டைத் திறந்தார். மூன்று எழுத்து அடித்து இடைவெளி விட்டார், ஒரு பதிப்பகத்தின் முழு முகவரி வந்து விழுந்தது. ஆட்டோகரெக்டில் இப்படி நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார். இவை ஏசிஎல் என்ற வகைக் கோப்பில் இருக்கின்றன. அவர் சொந்தமாகச் சேர்த்த சொற்களின் அகராதி இன்னொரு கோப்பில். இரண்டும் சில கேபிதான். ஆனால் அவர் கைவேகமே அதில்தான் இருக்கிறது. போட்டோ எல்லாம் தொலைந்திருந்தால்கூட ஒரு வாரத்தில் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார், இது போயிருந்தால் தினமும் வேலையில் தடுக்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் அடிப்பது பழைய தட்டச்சுப் பொறி விசைப்பலகை முறையில். அதற்கான மென்பொருளின் நிறுவல் கோப்பு டவுன்லோட்ஸில் கிடந்தது, 'தேவையில்லாதவை' என்று அவர் ஒதுக்கச் சொல்லியிருந்த ஃபோல்டர் அது. எடுத்து வைத்தோம்.

பிறகு உலாவியைத் திறந்தார். மெயில் நேராகத் திறந்தது. இன்னும் இரண்டு மூன்று தளங்களைத் திறந்தார், எல்லாம் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டன. நான் உலாவியின் தரவு ஃபோல்டர் முழுதும் நகலில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

தவறு இங்கேதான் நடந்தது.

அழித்த நாள்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். வைஃபை டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன், புது விண்டோஸ் இணையம் இல்லாமல் முழிக்கக் கூடாது என்பதற்காக. டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நகல்கள் இருந்த இரண்டு டிஸ்க்கையும் கழற்றி வேறு அறையில் வைத்த பிறகுதான் நிறுவலைத் தொடங்கினேன். நிறுவல் திரையில் டிஸ்க்குகள் 0, 1 என்று எண்ணாகத்தான் தெரியும். அந்த இடத்தில் தவறான வரியில் டெலீட் அழுத்தி நகலையே அழித்தவர்கள் உண்டு.

டிஸ்க்கின் பிரிவுகள் (பார்ட்டிஷன்) எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் 11 வந்தது. இரவுக்குள் கோப்புகள், எழுத்துருக்கள், பிஎஸ்டி, ஒட்டுக்குறிப்புகள், அகராதி எல்லாம் அதனதன் இடத்தில். மூன்று எழுத்து அடித்ததும் முழு முகவரி வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.

என்ன போயிற்று, ஏன்

மறுநாள் அந்தப் போன். உலாவியின் ஃபோல்டரை அப்படியே பழைய இடத்தில் வைத்திருந்தேன். புக்மார்க்குகள் எல்லாம் வந்திருந்தன. சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் வரவில்லை.

விண்டோஸில் குரோம், எட்ஜ் போன்ற உலாவிகள் கடவுச்சொற்களை மறையாக்கம் செய்துதான் வைக்கின்றன. அந்தப் பூட்டின் சாவியை விண்டோஸ், அந்த இயந்திரத்தின் அந்தப் பயனர் கணக்கோடு பிணைத்து வைக்கிறது. புதிதாக விண்டோஸ் போட்டு, அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்கு உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அது வேறு கணக்கு. பெட்டி வந்து சேர்ந்தது, சாவி பழைய ஓஎஸ்ஸோடு போய்விட்டது. யாரோ ஃபோல்டரைத் திருடிக்கொண்டு போனால் படிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது, சரியான ஏற்பாடுதான். ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவியையும் அதே ஃபோல்டரில் வைப்பதால், அதில் ஃபோல்டரை நகர்த்தினால் கடவுச்சொற்களும் கூடவே வரும். அதைப் பழகிய எனக்கு எல்லா உலாவியும் அப்படித்தான் என்ற நினைப்பு.

கோப்பு முழுதாக இருந்ததா என்று மட்டுமே சோதித்தேன், வேறிடத்தில் அது பயன்படுமா என்று சோதிக்கவில்லை. எழுத்துருவுக்குச் செய்த அதே சோதனையை உலாவிக்கும் என் இயந்திரத்தில் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. சித்தப்பா கடவுச்சொல் அடிக்கவே இல்லை. உலாவி அடிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. செய்கிற வேலையைக் கவனிக்கலாம். தானாக நடப்பதைக் கவனிக்க, "இது ஏன் கேள்வி கேட்காமல் திறக்கிறது?" என்று நாமே நிறுத்திக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அந்தத் தரவுக் கோப்பு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகையைச் சேர்ந்தது. திறந்து பார்த்தேன். தள முகவரிகளும் பயனர் பெயர்களும் தெளிவாக இருந்தன, 61 வரிகள். கடவுச்சொல் பத்தி மட்டும் படிக்க முடியாத பைட்டுகள். எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருந்தது என்ற பட்டியலாவது கிடைத்ததே என்று அதை அச்செடுத்து, ஒவ்வொன்றாக 'கடவுச்சொல் மறந்துவிட்டது' வழியில் போனோம்.

மறுபடி செய்தால்

உலாவியின் அமைப்புகளில் கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. சிஎஸ்வி கோப்பாக, யார் வேண்டுமானாலும் படிக்கும் வடிவில் வரும் என்பதால், புது உலாவியில் ஏற்றியதும் அழித்துவிட வேண்டும். முதலில் செய்வது அதுவாகத்தான் இருக்கும். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: கோப்பைத் தேடிப் பயனில்லை, தனிச்சாவியோடு சேர்த்து ஏற்றுமதி செய்தால்தான் உண்டு.

ஆனால் அதைவிட முக்கியமாக, டிஸ்க் முழுவதையும் ஒரே படிமமாக, அதாவது அச்சு அசலான நகலாக எடுத்து வைத்திருப்பேன். டிஸ்க்2விஹெச்டி என்ற இலவசக் கருவி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யும். க்ளோன்சில்லாவும் உண்டு. 171 ஜிபிக்கு அந்த 1 டிபி டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. அந்தப் படிமத்தை மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஏற்றினால் பழைய விண்டோஸே எழுந்து உட்காரும். சித்தப்பாவின் பழைய கணக்கில் நுழைந்து, கடவுச்சொற்களை நிதானமாக ஏற்றுமதி செய்திருக்கலாம். கோப்புகளைத் தேடித் தேடி எடுப்பது நம் நினைவை நம்பிச் செய்கிற வேலை, படிமம் நாம் மறந்ததையும் சேர்த்து எடுக்கிறது. ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் படிமத்தைத்தான் செய்யச் சொல்வேன்.

முடிந்தால் இன்னும் எளிய வழி, புது எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி அதில் ஓஎஸ் போட்டுவிட்டு, பழையதைக் கழற்றி ஆறு மாதம் தொடாமல் வைப்பது. டிஸ்க் பிரிவை அழிக்காமல் அதன்மேலேயே நிறுவினால் பழையது விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டரில் தங்கும், ஆனால் 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும். அதை நம்பி உட்காரக் கூடாது.

61-இல் 57 கணக்குகளை இரண்டு வாரத்தில் மீட்டோம். மூன்று தளங்கள் இப்போது இயங்குவதே இல்லை. மிச்சமிருப்பது ஒரு மெயில் கணக்கு. அதற்கு மீட்பு எண்ணாகக் கொடுத்திருந்தது எப்போதோ விட்டுவிட்ட கைபேசி எண். அதில்தான் சித்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன என்று அப்புறம்தான் சொன்னார். மீட்புப் படிவத்தை இதுவரை மூன்று முறை நிரப்பி அனுப்பியிருக்கிறோம். அவருக்கு நினைவு வரும் பழைய கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று வரை ஏழு எழுதியிருக்கிறார்.